பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பழகுவது: புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?" ஆராதனையில் பாடும்போது மனம் உருகுகிறது. மறுநாள் வேலைக்குப் போனதும் அந்த உருக்கம் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவர் கண்ணீரோடு சாட்சி சொல்வதைக் கேட்டால், நமக்கு மட்டும் ஏதோ குறைகிறது என்று தோன்றிவிடுகிறது.

அப்படி நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேவ பிரசன்னத்தைப் பற்றிய பெரிய இறையியல் விளக்கம் இதில் இருக்காது. நாளைக் காலையிலிருந்து என்ன செய்யலாம், எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

தொடங்குமுன் தீர்த்துக்கொள்ள வேண்டியது

ஆண்டவர் அருகில் இருப்பது வேறு, அவர் அருகில் இருப்பதை நாம் உணர்வது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் உணர்வு வற்றும் நாளிலெல்லாம் விசுவாசமும் ஆட்டம் காணும்.

யாக்கோபைப் பாருங்கள். அண்ணனை ஏமாற்றிவிட்டு, அவன் கோபத்துக்குப் பயந்து ஓடுகிறான். பொழுது சாய்ந்த இடத்தில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறான். படுக்குமுன் ஜெபம் செய்தான் என்று ஆதியாகமம் 28-ஆம் அதிகாரம் சொல்லவில்லை. அவன் தேவனைத் தேடிக்கொண்டு போனவனும் அல்ல. சொப்பனம் கண்டு விழித்தபிறகுதான் சொல்கிறான்: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." அறியாதிருந்த நேரத்திலும் அவர் அங்கே இருந்தார். பவுல் அத்தேனே பட்டணத்தில், "அறியப்படாத தேவனுக்கு" என்று பலிபீடம் எழுப்பியிருந்தவர்களிடமே, "அவர் நம்மில் ஒருவருக்கும் தூரமானவரல்லவே" என்று சொன்னார். அவரை அறியாதவர்களுக்கே அவர் தூரமில்லை என்றால், அவரை "அப்பா" என்று அழைக்கிற உங்களுக்கு எப்படித் தூரமாவார்?

அப்படியானால் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபம் 4:8 (இவர் வேறொரு யாக்கோபு) ஏன் "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" என்கிறது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இருவரை நினைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பது ஒரு சுவர்தான், ஆனாலும் அவர்கள் தூரமானவர்களே. அந்த நிருபம் எழுதப்பட்டது சண்டையும் பொறாமையும் இருமனமும் நிறைந்த சபையாருக்கு. அவர்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டியதில்லை, முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. ஆகவே நாம் செய்யப்போகும் எதுவும் ஆண்டவரை வரவழைக்கும் முயற்சி அல்ல. ஏற்கெனவே இருக்கிறவரிடம் திரும்பிப் பேசப் பழகுகிறோம்.

முதல் பழக்கம்: அவரைப் பற்றி நினைப்பதை அவரிடம் சொல்வதாக மாற்றுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மற்றது எதுவும் முடியாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். முதல் மூன்று வசனங்களில் தாவீது ஆண்டவரைப் பற்றிப் பேசுகிறார். கர்த்தர் என் மேய்ப்பர், அவர் என்னை மேய்க்கிறார், அவர் என்னை நடத்துகிறார். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே பேச்சு திரும்பிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." புல்வெளியில் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், இருளுக்குள் நுழைந்ததும் அவரிடமே பேசத் தொடங்குகிறார்.

இதை உங்கள் நாளுக்குள் கொண்டுவருவது எளிது. நம் மனம் நாள் முழுவதும் தனக்குத்தானே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "நாளைக்கு நேர்காணலில் என்ன கேட்பார்களோ தெரியவில்லை" என்று ஓர் எண்ணம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணத்தை அடக்க வேண்டாம், அழகுபடுத்தவும் வேண்டாம். முன்னால் ஒரு சொல்லை மட்டும் சேருங்கள்: "ஆண்டவரே, நாளைக்கு நேர்காணலில் என்ன கேட்பார்களோ தெரியவில்லை. பயமாக இருக்கிறது." கவலை அதேதான், ஆனால் இப்போது அது ஜெபம். "அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?" என்ற மனக்கசப்பையும் அப்படியே, "ஆண்டவரே, அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?" என்று அவரிடம் கொண்டுபோகலாம்.

முதல் வாரத்தில் இது செயற்கையாகத் தோன்றும். காற்றோடு பேசுவதுபோல் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பரவாயில்லை, பேசுங்கள். ஜெபத்துக்கென்று தனி மொழி வேண்டுமோ என்ற தயக்கமும் வரும். வேண்டாம். படகு மூழ்கப்போகிறது என்று பயந்த சீஷர்கள் அதன் பின்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவை எழுப்பி, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா என்று கேட்டார்கள். மரியாதை கொஞ்சம் குறைந்த கேள்விதான். அதற்காக அவர் காற்றை அடக்காமல் விடவில்லை.

அதிகாலையோ இரவோ, ஒரு பத்து நிமிடம்

"நான் நாள் முழுவதும் ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருக்கிறேன், தனியாக நேரம் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. தனி நேரம் இல்லாதவர்களின் நாள் முழுவதுமான ஜெபம் மெல்ல மெல்லக் காணாமல் போவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

மாற்கு 1-ஆம் அதிகாரத்தில், பட்டணத்தார் எல்லாரும் வாசலில் வந்து கூடிய ஒரு மாலைக்கு அடுத்த அதிகாலையில், இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார். அங்கேயும் சீமோன் தேடிக்கொண்டு வந்துவிட்டார். உங்களையும் யாராவது தேடுவார்கள். குழந்தை அழும், தொலைபேசி அடிக்கும். குறுக்கீடு இல்லாத நேரத்துக்காகக் காத்திருந்தால் ஒருநாளும் தொடங்க முடியாது.

பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று உறுதி எடுத்தவர்களில் பலர் இரண்டாம் வாரமே தளர்ந்து, பிறகு குற்றவுணர்வால் ஜெபத்தையே தவிர்க்கிறார்கள். உட்காருங்கள், கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர், நானும் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லித் தொடங்குங்கள். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவிசேஷங்களில் மிகவும் சிறியது அது, 16 அதிகாரங்கள். தினம் அரை அதிகாரம் வாசித்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். வாசிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இங்கே இயேசு யாரிடம் எப்படி நடந்துகொள்கிறார்? அவர் தொட்ட குஷ்டரோகியையும், கூட்டத்துக்குள் பின்னால் வந்து அவர் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணையும், வழியோரத்தில் உட்கார்ந்து கூப்பிட்ட பர்திமேயுவையும் பாருங்கள். உங்கள் பக்கத்தில் இருக்கிறவர் எப்படிப்பட்டவர் என்பது அப்படித்தான் தெரியவரும். வெறுமனே "ஒரு பிரசன்னம்" என்று நினைத்துக்கொண்டிருந்தால், நம் பயமோ ஆசையோ அதற்கு முகம் வரைந்துவிடும். ஆகவே வேதத்தைத் தள்ளிவைத்துவிட்டு அமைதியை மட்டும் தேடும் ஜெபத்தைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

வாசித்ததில் மனதில் நின்ற ஒரு வரியைப் பற்றி அவரிடம் பேசுங்கள். அன்று நீங்கள் சந்திக்கப்போகிறவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால், அவர் கற்றுக்கொடுத்த "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" இருக்கிறது. அதை நிறுத்தி நிதானமாகச் சொன்னால் அதுவே ஒரு முழு ஜெபம்.

வேலைக்கு நடுவில்

நெகேமியா பெர்சிய ராஜாவாகிய அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரர். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்ட துக்கம் முகத்தில் தெரிந்துவிட, ராஜா நேரடியாகவே கேட்டுவிடுகிறார்: நீ கேட்கிற காரியம் என்ன? ராஜாவுக்கு முன் நின்றுகொண்டு கண்ணை மூடவோ முழங்காலில் நிற்கவோ முடியாது. "அப்பொழுது நான் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி" என்று எழுதிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ராஜாவுக்குச் சொன்ன பதிலை எழுதுகிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு ஜெபம். சில நொடிகள்கூட இருந்திருக்காது.

ஆனால் முந்தின அதிகாரத்தையும் பாருங்கள். செய்தி வந்தது கிஸ்லேயு மாதம், ராஜா கேட்டது நிசான் மாதம். அதற்குள் ஏறக்குறைய நான்கு மாதம் போயிருந்தது. செய்தி கேட்ட நாளிலிருந்தே அவர் அழுது, உபவாசித்து, இரவும் பகலும் ஜெபித்திருந்தார். அந்த நீண்ட ஜெபத்தில் வேர்விட்டதுதான் இந்த நொடி நேர ஜெபம். தனி நேரமும் வேலை நேரமும் ஒன்றுக்கொன்று தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

நடைமுறையில், உங்கள் நாளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று தருணங்களைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறக்கும் நேரம், தொலைபேசியை எடுக்குமுன், கணினி தயாராகும்வரை காத்திருக்கும் நேரம், கை கழுவும் நேரம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி. எகிப்தின் பாலைவனத் துறவிகள் இதற்காக எழுபதாம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பயன்படுத்தியதாக ஐந்தாம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." ஆபத்திலும் பொருந்தும், சலிப்பிலும் பொருந்தும், சோதனையிலும் பொருந்தும். நீளமாகத் தோன்றினால் "ஆண்டவரே, இரங்கும்" போதும்.

வேலை நடுவே தேவனோடு வாழ்ந்தவர் என்றதும் பலரும் சொல்லும் பெயர் சகோதரர் லாரன்ஸ். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் ஒரு கார்மேல் சபை மடத்தில் சமையல் வேலை செய்தவர், அதற்கு முன் போர்வீரர். 1691-இல் இறந்தார். சமையலறைப் பரபரப்பிலும் ஜெப நேரத்திலும் ஆண்டவரோடு ஒன்றுபோலவே இருந்ததாக அவர் சொன்னதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதது என்பதையும், முதல் பத்து ஆண்டுகள் தான் மிகவும் தவித்ததாக அவரே கடிதத்தில் எழுதியதையும் சொல்கிறவர்கள் குறைவு. புதியவர்களுக்கு இந்த இரண்டாவது செய்திதான் அதிகம் உதவும். ஒரு மணி நேரம் மறந்துபோனீர்களா? மறந்தேன் என்று உங்களையே கடிந்துகொண்டு இன்னும் பத்து நிமிடத்தை வீணாக்காமல், நினைவு வந்த அந்த நொடியிலேயே பேச்சைத் தொடருங்கள்.

இரவில் திரும்பிப் பார்த்தல்

எம்மாவு என்ற கிராமத்துக்குப் போன இரண்டு சீஷர்களோடு உயிர்த்தெழுந்த இயேசு கூடவே நடந்தார். எருசலேமிலிருந்து ஏழு எட்டு மைல் தூரம். வழியில் அவர்களுக்கு அவர் யார் என்று தெரியவில்லை. அப்பம் பிட்டபோது கண்கள் திறந்தன. அதன்பிறகு, வழியிலே அவர் பேசினபொழுது நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். ஆண்டவரின் அருகாமை பெரும்பாலும் இப்படி, நடந்து முடிந்தபின்தான் நமக்குப் புலப்படுகிறது.

அதனால் படுக்குமுன் ஐந்து நிமிடம் அன்றைய நாளை அவரோடு சேர்ந்து திரும்பிப் பாருங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் சீடர்களுக்கு வற்புறுத்திய பழக்கம் இது. இன்று எதற்கு நன்றி சொல்லலாம்? எங்கே அவரை விட்டு முகத்தைத் திருப்பினேன்? நாளைக்கு எதில் அவர் உதவி வேண்டும்? பாதியில் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள்.

தவறு செய்தபிறகு

பாவம் செய்த உடனே வரும் முதல் உந்துதல் ஒளிந்துகொள்வது. ஆதாமும் ஏவாளும் விருட்சங்களுக்குள்ளே ஒளிந்தார்கள். நாம் ஒளிவது வேறு விதம். இரண்டு நாள் ஜெபிப்பதில்லை, மூன்றாம் நாள் வேதத்தைத் தொடவே கூச்சம், அந்த வார ஆராதனைக்கு ஒரு சாக்கு. "கொஞ்சம் நல்லவனாகிவிட்டு வருகிறேன்" என்று நினைக்கிறோம். ஆனால் ஏதேன் தோட்டத்தில் "நீ எங்கே இருக்கிறாய்" என்று தேடி வந்தவர் தேவன்தான். நல்லவராகிவிட்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். விழுந்த இடத்திலிருந்தே, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னியும்" என்பதைவிட "இன்று பொய் சொன்னேன்" என்பது மேல். 1 யோவான் 1:9 மன்னிப்பை நம் அழுகையின் அளவோடு கட்டவில்லை. அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்பதோடு கட்டுகிறது. மற்றவருக்கு இழைத்த தீங்கு என்றால் அவரிடமும் போங்கள். அதைத் தள்ளிப்போடுகிறவரை ஜெபத்தில் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

ஒன்றுமே உணராத நாட்கள்

இங்கேதான் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பி, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்றான். சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார், மறுபடியும் எழுப்பப்பட்டுச் சாப்பிட்டார். ஓரேப் மலையில் தேவனுடைய அந்த "அமர்ந்த மெல்லிய சத்தம்" வந்தது அதற்கு நாற்பது நாள் கழித்து. வாரக்கணக்கில் சரியாகத் தூங்காதவர் ஆவிக்குரிய வறட்சி என்று எண்ணிக்கொண்டிருப்பது வெறும் களைப்பாகவும் இருக்கலாம். துக்கம் வாரக்கணக்கில் நீங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. பவுலோடு இருந்த லூக்கா "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கப்பட்டார்.

உடம்பிலும் குறை இல்லை, மறைத்துவைத்த பாவமும் இல்லை, ஆனாலும் வானம் மூடியே இருக்கிறது என்றால்? எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசியுங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. நண்பர்கள் தூரமாகிவிட்டார்கள் என்ற இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, அதன் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. இருட்டில் இருந்துகொண்டு அவரை நோக்கிப் பேசுவதும் அவர் அருகில் இருப்பதே. இயேசுவே சிலுவையில் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் வார்த்தைகளால்தான் கதறினார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அப்போதும் "என் தேவனே" என்று அழைப்பதை அவர் விடவில்லை.

அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள், ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே ஊழியம் செய்ததைக் காட்டின. சிலர் அதை வாசித்து அதிர்ந்தார்கள். எனக்கோ அது பெரிய ஆறுதல். உணர்வு இல்லாமலும் உண்மையாக இருக்க முடியும்.

அப்படிப்பட்ட நாட்களில் புதிதாக எதையும் முயலாதீர்கள். பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைக்கலாம், விட்டுவிட வேண்டாம். சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தின் வார்த்தைகளைக் கடன் வாங்குங்கள். "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து" என்று 34-ஆம் சங்கீதம் சொல்வது, உணர்கிறவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்ட வாக்கு அல்ல.

தனியாகப் பழக முடியாதது

சபையை விட்டுவிட்டு ஆண்டவரோடு மட்டும் இருந்துகொள்கிறேன் என்பது நடக்காத காரியம். "இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்" என்ற இயேசுவின் வாக்கு, மத்தேயு 18-இல், சகோதரர்களுக்குள் வந்த குற்றத்தைத் தீர்த்துக்கொள்ளும் போதனைக்கு நடுவில்தான் வருகிறது. முட்டிமோதுகிற மனிதர்கள் நடுவில் இருப்பேன் என்றார் அவர். திருவிருந்தில் நம் கையில் அப்பம் வைக்கப்படுகிறது. அன்று மனம் உருகினாலும் உருகாவிட்டாலும் அப்பம் அப்பமாகவே இருக்கிறது, நாவில் கரைகிறது. உணர்வை நம்பியிருக்க முடியாத நமக்காகவே அவர் தந்தது அது. பசியாயிருந்தவன், வியாதியாயிருந்தவன், காவலில் இருந்தவன் ஆகியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாகவும் அவர் சொன்னார். ஜெபத்தில் அவரைக் காணவில்லை என்றால் நோயாளி ஒருவரைப் போய்ப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் திருமணம், வேலை, பணம் பற்றி "ஆண்டவர் எனக்குச் சொன்னார், நீ இப்படிச் செய்" என்று யாராவது கட்டளையிட்டால் அவசரப்பட்டுக் கீழ்ப்படியாதீர்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கச் சொல்வது வேதமே. உங்கள் மனதில் எழும் குரலுக்கும் அதே சோதனைதான். அது இயேசுவின் போதனையோடு ஒத்துப்போகிறதா, அன்புக்கு நடத்துகிறதா, பதற்றத்தைக் கிளப்பி உடனே முடிவெடுக்கத் துரத்துகிறதா என்று பாருங்கள். உங்களுக்கும் தேவனுக்கும் நடுவில் தன்னை நிறுத்திக்கொள்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் விலகியிருங்கள்.

அதற்குப் பதிலாக, சபையில் பல ஆண்டுகளாக அமைதியாக ஜெபித்துவரும் ஒருவரைத் தேடுங்கள். மேடையில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாதம் ஒருமுறை அவரோடு அரைமணி நேரம் உட்கார முடியுமா என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் இரண்டே கேள்வி போதும்: "நீங்கள் எப்போது, எப்படி ஜெபிக்கிறீர்கள்?" "ஒன்றும் உணராத நாட்களில் என்ன செய்தீர்கள்?" அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, எழுந்திருக்குமுன் அவரோடு சேர்ந்து ஜெபியுங்கள்.